மின் கிட்டார் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

என்னிடம் ஏழு மின் கிட்டார்கள் இருக்கின்றன. எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் ஐந்துதான் ஒழுங்காக இருக்கும். மேடை ஏறி வாசிக்கும் ஆள் இல்லை நான். மாலையில் ஒரு மணி நேரம் வாசிப்பேன். விடுமுறை நாளில் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டு பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மாற்றுவேன், ஒயரிங்கைக் கலைப்பேன். அதனால் கோளாறுகளில் பாதி தானாக வந்தவை, மீதி நானே வரவழைத்தவை. ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது.

செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். அளந்து பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. ஒரு முறை கழுத்துப் பக்கத்து பிக்கப் செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். புதியதும் பேசவில்லை. எந்த பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சுக்குள் ஒரு தகடு கறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பழைய பிக்கப் இன்றும் என் மேசை இழுப்பறையில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், அலன் கீ செட், ஸ்க்ரூ டிரைவர், மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள எஃகு அளவுகோல், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

## கழற்றுவதற்கு முன்

கோளாறு கிட்டாரில்தானா? ஒலியை மாற்றும் பெடல்களை எல்லாம் விட்டுவிட்டு, வேறொரு கேபிளில், கிட்டாரை நேராக ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மாட்டுங்கள். கோளாறு போய்விட்டால் குற்றவாளி வெளியில் இருக்கிறது. போகவில்லை என்றால் அதே கேபிளில் இன்னொரு கிட்டாரை மாட்டுங்கள். அதுவும் அதே மாதிரி படுத்தினால் ஆம்ப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது கிட்டார் வாங்குவதற்கு வீட்டில் சொல்ல ஒரு நியாயமான காரணம் வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்: அதைவிடச் சிறந்த சோதனைக் கருவி கிடையாது.

## அறிகுறி 1: சத்தமே வரவில்லை

வால்யூம் குமிழ் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். கிப்சனின் லெஸ் பால் வகைக் கிட்டாரில் இரண்டு வால்யூம் உண்டு. செலக்டர் நடுவில் இருக்கும்போது ஒன்றைப் பூஜ்யத்தில் வைத்தால் மற்றதும் சேர்ந்து ஊமையாகிவிடும். அந்த ஒயரிங் அப்படி. அது கோளாறே இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் மாட்டுங்கள், மறுமுனையை ஆம்ப்பில் மாட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்திருக்கட்டும். மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு குச்சியைப் பிளக்கின் நுனியிலும் இன்னொன்றை அதன் தண்டிலும் தொடுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வருகிற எண்ணே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

5 முதல் 9 கிலோ ஓம் வரை வருகிறது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் 5 முதல் 7, பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் 7 முதல் 9. முரட்டு ஹம்பக்கர்கள் 15-ஐத் தாண்டும். கிட்டார் நலம், வேறு இடம் தேடுங்கள். இரண்டு பிக்கப் சேர்ந்து பேசும் நிலையில் எண் ஏறக்குறைய பாதியாகும்; அது சரியே.

250 அல்லது 500 கிலோ ஓம் அருகே வருகிறது. இதைப் பார்க்க மீட்டரை இன்னும் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டும். நீங்கள் அளப்பது பிக்கப்பை அல்ல, வால்யூம் பாட்டை ('பாட்' என்பது குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை). அதாவது ஜாக்கிலிருந்து (கிட்டாரில் கேபிள் நுழையும் துளை) வால்யூம் வரை வழி சரி. அதற்கு முன்னால், சுவிட்சிலோ பிக்கப்பிலோ எங்கேயோ அறுந்திருக்கிறது. செலக்டரை ஒவ்வொரு நிலைக்கும் மாற்றி அளந்து பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் இப்படி என்றால் முதலில் சுவிட்சைச் சந்தேகியுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் உயிர் வரும். வரவில்லை என்றால் பிக்கப்பின் இரண்டு ஒயர்களிலும் நேரடியாக மீட்டரை வைத்து அளங்கள். அங்கேயும் ஒன்றும் காட்டவில்லை என்றால்தான் பிக்கப் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப் ஒன்றில் ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று இருக்கும். அறுந்த நுனி வெளிச்சுற்றில் கண்ணுக்குத் தெரிந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். பிக்கப் மறுசுற்று செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

எண்ணே வரவில்லை, மீட்டர் திறந்த சுற்று என்கிறது. ஜாக்கில் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. ஜாக்கின் வெளி நட் தளர்ந்திருக்கும். நாம் கையால் முறுக்கி முறுக்கி இறுக்கியிருப்போம். உள்ளே ஜாக்கும் கூடவே சுற்றி ஒயரைத் திருகி அறுத்திருக்கும். நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பூஜ்யம் வருகிறது. சிக்னல் ஒயர் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது. இதில் ஒன்று என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்தது. குழிக்குள் செம்பு டேப் ஒட்டி ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசம்) செய்த கிட்டார். மூடினால் ஊமை. ஜாக் தகட்டைக் கழற்றி வெளியே இழுத்து அளந்தால் எண் அழகாக வருகிறது. மறுபடி மாட்டினால் பூஜ்யம். மூன்று முறை எல்லாச் சால்டரிங்கையும் திரும்பச் செய்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பிளக் உள்ளே நுழையும்போது ஜாக்கின் நாக்கு (பிளக்கின் நுனியைத் தொடும் தகடு) இரண்டு மில்லிமீட்டர் வெளியே வளைகிறது. அந்த இரண்டு மில்லிமீட்டரில் அது செம்பு டேப்பை முத்தமிடுகிறது. ஜாக்கை நட்டோடு கால் சுற்று திருப்பி, எதிரே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், முடிந்தது. ஷீல்டிங் செய்த கிட்டாரில் பூஜ்யம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

## அறிகுறி 2: விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது

கேபிளை ஆட்டினால். கேபிளை மாற்றியும் அப்படியே என்றால் ஜாக்கின் நாக்கு தளர்ந்துவிட்டது. பிளக்கை உருவிவிட்டு, நாக்கை விரலால் மெல்ல உள்நோக்கி வளைத்துவிடுங்கள். பிளக்கை நுழைக்கும்போது கிளிக் என்று பிடிக்க வேண்டும்.

குமிழைத் திருப்பினால். இது பாட்டுக்குள் தூசியும் துருவும். அதிகம் வாசிக்கும் கிட்டாரைவிட, அழகுக்குச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கிட்டாருக்குத்தான் இது முதலில் வரும். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது முறை திருப்புங்கள். பாதி நேரம் அதுவே போதும். போதவில்லை என்றால் பின்மூடியைத் திறந்து, பாட்டின் கால்கள் இருக்கும் பக்கத்துச் சிறு இடைவெளியில் கான்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டு மறுபடி முப்பது முறை. கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு நீக்கி எண்ணெய் வேண்டாம். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி படிந்து பழையதைவிட மோசமாகும்.

எல்லாக் கிட்டாரும் ஒரு குறிப்பிட்ட பெடலில் மாட்டும்போது மட்டும் கரகரத்தால் பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பெடலின் உள்வாசலில் இருக்கும் கபாசிட்டர் கசிந்து, நேர் மின்னழுத்தத்தைக் கிட்டார் பக்கம் திருப்பி அனுப்புகிறது.

கிளீனருக்கும் மசியவில்லை என்றால் பாட்டை மாற்றலாம். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஆனால் பழைய கிட்டார் என்றால் ஈயத்தை உருக்கும் முன் பாட்டின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அமெரிக்கப் பாட்டுகளில் முதல் மூன்று இலக்கம் செய்தவரைச் சொல்லும், மீதி ஆண்டையும் வாரத்தையும் சொல்லும். 1376612 என்றிருந்தால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966, 12 என்பது பன்னிரண்டாவது வாரம். அப்படி ஒரு பாட், கை படாத பழைய ஈயத்தோடு உங்களிடம் இருந்தால் சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். பழைய கிட்டார்களைக் கையாளத் தெரிந்தவர் பார்க்கட்டும். கலையாத ஈயத்துக்கே சேகரிப்பவர்களிடம் மதிப்பு உண்டு.

ஒன்றையும் தொடாமலே வந்து வந்து போனால். குளிர்ந்த சால்டர், அதாவது சரியாகச் சூடேறிப் பிடிக்காத ஈயப் பற்று. பளபளக்காமல் மங்கலாக, மணல் மணலாக இருக்கும் ஈயப் பொட்டு எதுவோ அதுதான். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முதுகை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, நல்ல சூட்டில் மூன்று நான்கு வினாடியில் வேலையை முடிக்க வேண்டும். சின்ன அயர்னை வைத்து அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் பாட் உள்ளே வெந்துவிடும்.

## அறிகுறி 3: 'உம்ம்' என்று இரைகிறது

இதில்தான் ஆட்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டு, வால்யூமைத் திறந்து வைத்து, இடது கையைத் தந்தியிலிருந்து எடுங்கள். இப்போது தொடுங்கள். என்ன ஆகிறது?

### தொட்டால் குறைகிறது

எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. மிச்சமிருக்கும் இரைச்சலில் இரண்டு சாதி உண்டு, காதால் பிரிக்கலாம். ஒன்று 'ஸ்ஸ்ர்ர்' என்று கூர்மையாக, ஈ பறப்பது போல இருக்கும். இன்னொன்று 'உம்ம்ம்' என்று கனமாக, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்பது போல இருக்கும்.

ஈ பறக்கும் சத்தத்துக்கு டிம்மர் போட்ட விளக்கு, மட்டமான எல்இடி பல்பு, மடிக்கணினி சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் குழிக்குள் செம்பு டேப் ஷீல்டிங் கைகொடுக்கும். டேப்பின் எல்லாத் துண்டும் ஒன்றோடொன்று மின் தொடர்பில் இருக்கிறதா, எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ஒட்டிவிட்டு எர்த் கொடுக்காமல் விட்டால் அது வெறும் அலங்காரம்.

கனமான 'உம்ம்' வேறு. கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் ஏறி, இன்னொரு திசையில் கிட்டத்தட்டக் காணாமல் போனால் அது காந்தப் புலம், ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது. எத்தனை சுருள் செம்பு டேப் ஒட்டினாலும் அது போகாது. ஷீல்டிங் செய்த பிறகும் 'உம்ம்' போகவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஆம்ப்பை விட்டு இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், திரும்பி உட்காருங்கள். மூன்று பிக்கப் கிட்டாரில் நடு பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமும் கொண்டதாக இருந்தால், ஐந்து நிலை சுவிட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். கிப்சனில் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கரின் சூத்திரமும் இதேதான்: இரண்டு சுருள், எதிரெதிராக. ஒற்றைச் சுருளின் குரல் வேண்டும், இரைச்சல் கூடாது என்றால் இரைச்சலற்ற பிக்கப் வாங்க வேண்டும். செலவு அதிகம் பிடிப்பது இதுதான். நான் வாங்கவில்லை, திரும்பி உட்காருகிறேன்.

### தொட்டாலும் மாறவில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது

பிரிட்ஜுக்குப் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. கேபிளை மாட்டி, மீட்டரின் ஒரு குச்சியைப் பிரிட்ஜிலும் மற்றதைப் பிளக்கின் தண்டிலும் வையுங்கள். ஓரிரு ஓமுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒயரைத் தேடுங்கள்: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டில் பற்றவைத்திருக்கும், டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும், லெஸ் பால் வகையில் வால்துண்டின் தாங்கு கட்டை இறங்கும் துளைக்குள் போகும். பிரிட்ஜ் மாற்றிய பிறகு வந்த இரைச்சல் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஆனால் ஈஎம்ஜி போன்ற நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடுவது) போட்டிருந்தால் இந்த ஒயரை இணைக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கே இதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

### தொட்டால் அதிகமாகிறது

ஜாக்கில் சிக்னல் ஒயரும் எர்த் ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. சமீபத்தில் ஜாக்கைக் கழற்றியது யார் என்று வீட்டில் விசாரிக்க வேண்டியதில்லை, நீங்கள்தான். ஜாக்கை யாரும் தொடவில்லை என்றால் வேறொரு அறையின் பிளக் பாயிண்டில் ஆம்ப்பை மாட்டிப் பாருங்கள். அங்கே சரியானால் முதல் பாயிண்டில் எர்த் இல்லை.

### தொட்டால் சுர்ரென்று கடிக்கிறது

ஆம்ப்பை அணைத்து, பிளக்கை உருவுங்கள். இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. கிட்டாரின் தந்தி ஆம்ப்பின் எர்த்தோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. ஆம்ப்பில் கசிவு இருந்து, சுவரில் எர்த்தும் இல்லை என்றால் அந்த மின்சாரத்துக்கு நீங்கள்தான் வழி. ஒரு கையில் தந்தி, உதட்டில் மைக் என்றால் உயிருக்கே ஆபத்து. முதலில் எலக்ட்ரீஷியன் சுவர் பாயிண்டைப் பார்க்கட்டும், பிறகு ஆம்ப்பை ரிப்பேர் தெரிந்தவர் பார்க்கட்டும். இரைச்சல் குறைகிறதே என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

## அறிகுறி 4: சுருதி நிற்கவில்லை

டியூனிங் கீயை மாற்ற வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் பார்த்தவரை அது கடைசிக் காரணம்.

தந்தி புதிதா? ஒவ்வொன்றையும் பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அருகே பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சுருதி சேருங்கள், நாலைந்து முறை. அப்புறம் கீயின் தண்டில் சுற்று எத்தனை என்று பாருங்கள். இரண்டு மூன்று சுற்று, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். ஏழெட்டுச் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது இறுகி முடியும் வரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து நட். ஜாக்கை இறுக்கும் நட் அல்ல; கழுத்தின் மேல் முனையில் தந்திகள் காடிகளில் படிந்து போகும் துண்டு. சுருதி சேர்த்துவிட்டு ஒரு தந்தியை நன்றாக வளைத்து வாசியுங்கள். திரும்ப வந்ததும் சுருதி இறங்கியிருக்கிறதா? இப்போது நட்டுக்கும் கீக்கும் நடுவே அந்தத் தந்தியை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் தந்தி நட்டின் காடியில் சிக்கிக்கொள்கிறது. சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருவதும் இதே நோய்தான். தலையில் பக்கத்துக்கு மூன்று கீ உள்ள கிட்டார்களில் ஜி தந்திக்கு இது சாபம் மாதிரி. நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பிப் போவதால் காடியின் ஓரத்தில் உராயும். 2பி பென்சிலைக் கூராகச் சீவிக் காடிக்குள் தேய்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் தேய்க்கலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் காடியை அராவ வேண்டும். தந்தியின் தடிமனுக்கு ஏற்ற அரம் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். ஒரு தேய்ப்பு அதிகமானால் புது நட் போட வேண்டி வரும். இது கைதேர்ந்தவருக்கு அரை மணி நேர வேலை.

டிரெமோலோ கைப்பிடி (பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை அசைப்பது) உள்ள கிட்டாரில் கைப்பிடியைக் கீழே அழுத்திவிட்ட பிறகு சுருதி ஏறி நின்றால் அதுவும் நட்தான். நட் சுத்தமாக இருந்தும் ஒவ்வொரு முறை வேறு வேறு இடத்தில் வந்து நின்றால், பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும் திருகாணிகளையும் அவற்றில் படியும் பிரிட்ஜின் கத்தி போன்ற விளிம்பையும் பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் ரிப்பேர் பண்ணுவதைவிடப் பிரிட்ஜை மாற்றுவது மேல். ஃப்ளாய்ட் ரோஸ் வகை டிரெமோலோவில் தந்தித் தடிமனை மாற்றினால் பின்பக்க ஸ்பிரிங்கையும் சமன் செய்ய வேண்டும் என்பதை ஒரு மழை நாளில் மூன்று மணி நேரம் செலவழித்து அறிந்தேன்.

### திறந்த தந்தி சரி, மேலே போனால் அபசுரம்

பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி வாசித்த ஒலியையும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் அந்தத் தந்தி படியும் சிறு துண்டு) கழுத்தை விட்டுத் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். பழைய தந்தியில் இதைச் செய்யாதீர்கள், வீண். தந்தி உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டு இதைக் கடைசியில் செய்ய வேண்டும். பன்னிரண்டில் சரியாக இருந்து முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் ஏறினால் நட்டின் காடி உயரம் அதிகம், அல்லது நீங்கள் அழுத்துவது அதிகம்.

## அறிகுறி 5: தந்தி ஃப்ரெட்டில் உரசி அதிர்கிறது

ஆம்ப்பில் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மின் கிட்டாரை மின்சாரம் இல்லாமல் கேட்டுக் கவலைப்படுவது எங்களைப் போன்ற ஆட்களின் வியாதி.

கேட்கிறது என்றால், எங்கே என்று பாருங்கள். திறந்த தந்தியில் மட்டும் என்றால் நட்டின் காடி ஆழமாகிவிட்டது. அதற்கு ஆள் வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் கழுத்து அதிகம் நேராகிவிட்டது, அல்லது பின்னால் வளைந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேலே என்றால் பெரும்பாலும் சாடில் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் துருத்திக்கொண்டிருக்கிறது.

கழுத்தை அளப்பது எளிது. முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஆறாவது தந்தியைக் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் அழுத்துங்கள். ஏழு அல்லது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே இடைவெளி 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். சாதாரண பிரிண்டர் தாள் ஒன்று சுமார் 0.1 மி.மீ.; இரண்டு மூன்று தாள் தந்தியை உயர்த்தாமல் நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டு) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் தளர்த்துங்கள். அதிகம் என்றால் தந்தியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கடிகாரத் திசையில் இறுக்குங்கள். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, போனால் கால் சுற்று. பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். மரம் ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளும். சாவி கச்சிதமாகப் பொருந்த வேண்டும். கிப்சனுக்கு 5/16 அங்குல நட் சாவி. மற்றவற்றில் பெரும்பாலும் அலன் கீ, சில அங்குல அளவில், சில மில்லிமீட்டரில். 'கிட்டத்தட்டப் பொருந்துகிறது' என்று ஒன்றை நுழைத்துத் திருப்பினால் ட்ரஸ் ராடின் திருகு நட்டின் உள்பக்கம் வழுவழுவென்றாகிவிடும். அப்புறம் அது உங்கள் வேலை இல்லை. திருப்பும்போது எதிர்ப்பே இல்லாமல் சுற்றினாலும், முக்கி முக்கியும் அசையாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளிடம் கொண்டுபோங்கள்.

கழுத்து சரியான பிறகு தந்தி உயரம். பதினேழாவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு. என் கை கனம். தடித்த தந்திகளை இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் வைப்பேன்.

துருத்திய ஃப்ரெட்டைப் பிடிக்கத் தேதி முடிந்த ஏடிஎம் அட்டை போதும். அதன் விளிம்பை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி ஆட்டுங்கள். ஊஞ்சல் போல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்குவதால் அட்டையை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். ஃப்ரெட் மரத்தை விட்டு எழும்பியிருந்தால், மேலே ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்டி உட்கார வைக்கலாம். தேய்த்து மட்டம் பண்ணுவது ஆள் வேலை. நான் என் மட்டமான கிட்டார் ஒன்றில் பழகினேன். அது இன்னும் மட்டமாகிவிட்டது.

உரசல் மாதிரியே இருக்கும் ஆனால் உரசல் இல்லாத ஒன்று உண்டு: தடித்த தந்தியில் மேல் ஃப்ரெட்டில் ஒலி அலை அலையாக நடுங்கும், இரண்டு சுருதி ஒன்றாகக் கேட்பது போல. சிங்கிள் காயிலின் காந்தம் தந்தியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே மெல்லிய பக்கம் 2 மி.மீ., தடித்த பக்கம் 2.4 மி.மீ. இருக்கும்படி பிக்கப்பை இறக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி 6: பிக்கப் மாற்றியபின் குரல் மெலிந்துவிட்டது

தனித்தனியாக நன்றாகப் பேசும், இரண்டும் சேர்ந்தால் மூக்கடைத்தவர் போலப் பேசும். இரண்டு பிக்கப்பும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கின்றன: ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது. வேறு வேறு நிறுவனத்துப் பிக்கப்புகளைக் கலந்து போட்டால் இது சகஜம், ஒயர் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. நான்கு ஒயர் ஹம்பக்கரில் சீமோர் டங்கன் நிறுவனத்தின் சிக்னல் கறுப்பு. டிமார்சியோ நிறுவனத்தின் சிக்னல் சிவப்பு. ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைப் பற்றவைத்தால் இதுதான் கதி.

உறுதி செய்ய, மீட்டரைப் பிக்கப்பின் ஒயரில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்பின் மேல் தொட்டுச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். முள் உள்ள பழைய மீட்டரில் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். இல்லை என்றால் ஒன்றின் சிக்னலையும் எர்த்தையும் மாற்றிப் போடுங்கள். உலோக மூடி போட்ட இரண்டு ஒயர் பிக்கப்பில் மட்டும் அவசரப்படாதீர்கள்: மூடி எர்த்தோடு சேர்ந்திருக்கும், மாற்றினால் மூடியே சிக்னலாகி இரைய ஆரம்பிக்கும். மூடியின் எர்த்தைத் தனி ஒயராகப் பிரிக்க வேண்டும், சுருளுக்குப் பக்கத்தில் சூடு வைக்கும் வேலை. கை நடுங்கினால் கொடுத்துவிடுங்கள்.

## சில சில்லறைத் தொல்லைகள்

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குகிறது: கோளாறு அல்ல, பாட்டும் கேபிளும் சேர்ந்து செய்யும் வேலை. வால்யூம் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையே 1000 பிகோஃபாரட் கபாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாகப் பற்றவைத்தால் போகும்.

அதிக கெயினில் (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு) கீச்சென்று அலறுகிறது: பிக்கப்பைத் தாங்கும் ஸ்பிரிங், மூடி, பின்பக்க டிரெமோலோ ஸ்பிரிங் ஏதாவது தளர்ந்து அதிர்கிறதா பாருங்கள். ஒரு துண்டு ஸ்பாஞ்ச் பல சமயம் போதும். பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டினால் மைக்கில் தட்டியது போலக் கேட்டால் சுருளுக்குள் மெழுகு இறங்கவில்லை. வீட்டு அடுப்பில் மெழுகு காய்ச்சாதீர்கள். அது தீப்பிடிக்கும், பிக்கப்பின் பிளாஸ்டிக் உருகும்.

ஆக்டிவ் பிக்கப் கரகரவென்று உடைந்து பேசுகிறது: 9 வோல்ட் பேட்டரியை அளங்கள். 8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஜாக்கில் கேபிள் இருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரவில் உருவி வையுங்கள்.

## கோளாறு ஆம்ப்பில் என்று தெரிந்தால்

ஃபியூஸ் வெளியிலிருந்து கழற்றும் வகை என்றால் பிளக்கை உருவிவிட்டு, அதே ஆம்பியரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு முறை. மறுபடி போனால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள், பிளக்கை உருவிய பிறகும் 300, 400 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஆம்ப்பை ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோகும்போது என்ன அறிகுறி, எப்போது வருகிறது, எந்த நிலையில் போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.